அனுமாருக்கு ஒரு நாற்காலி

2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் "ஆதிபுருஷ்" என்பதாக ஒரு இராமாயணப் படம் நாடெங்கும் வெளியிடப்பட்டது. அதை எடுத்த முதலாளிகள், படம் ஓடுகிற ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு நாற்காலியை யாருக்கும் விற்காமல் அனுமாருக்கென்று ஒதுக்கி வைப்பதாக விளம்பரம் செய்தார்கள். இராமன் கதை நடக்கிற இடத்திலெல்லாம் அனுமார் வந்து உட்காருவாராம். ஒரே மணிக்கு ஆயிரக்கணக்கான கொட்டகைகளில் ஓடுகிற படத்தில் எந்தக் கொட்டகைக்கு அவர் வருவார் என்று கேட்டால், "எல்லாவற்றிற்கும் வருவார், அவர் தெய்வம்" என்பார்கள். எங்கும் இருக்கிறவருக்கு ஒரு நாற்காலி எதற்கு என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்பார்கள்.

இது போகட்டும். படம் வெளிவந்த அன்றே அனுமார் பேசுகிற பேச்சு தெருச் சண்டைப் பேச்சாக இருக்கிறதென்று பெருங் கூச்சல் கிளம்பிற்று. சில நாட்களுக்குள் வசனத்தை மாற்றி விட்டார்கள். தோழர்களே, இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சும்மா வந்து உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்பட்ட அனுமார் ஒரு வார்த்தை ஆட்சேபிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த மனிதர்தான் ஆட்சேபித்தார்! ஒரு வாரத்தில் தெய்வத்தின் வாக்கைத் திருத்தி எழுத முடியுமானால், அச்சு யந்திரமும் இல்லாமல், கேள்வி கேட்பாரும் இல்லாமல் கிடந்த இத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை பேர் எத்தனை வாக்கைத் திருத்தியிருப்பார்கள் என்பதை நாமே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். இதே படத்தில் சீதை எந்த நாட்டுப் பெண் என்று ஒரு தகராறு வந்து, நேபாளத்தில் காத்மாண்டு நகரத்தில் இந்திப் படங்களையே நிறுத்தி வைத்தார்கள். ஏர் உழுத சாலில் கிடைத்தவள் என்று அவர்கள் கதையே சொல்லுகிற ஒரு பெண்ணுக்கு இரண்டு தேசத்தார் குடியுரிமை கேட்டுச் சண்டை போடுகிறார்கள்!

நிற்க, சினிமாவும் புராணமும் இந்நாட்டில் கூடவே பிறந்தவை. 1913-ல் பால்கே என்பவர் எடுத்த முதற் படம் அரிச்சந்திரன் கதை. முனிவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்றவன் அவன். வாக்குக் கொடுத்தவன் அவன், விலை போனவள் அவள். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. 1917-ல் அவரே எடுத்த "லங்கா தகனம்" படத்தில் இராமனாகவும் சீதையாகவும் வேஷம் போட்டவர் சாளுங்கே என்கிற ஒரே ஆண்பிள்ளைதான். அதையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள் என்றால், பக்திக்குக் கண் பார்வை எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

தமிழுக்கு வந்த முதல் பேசும் படமான 1931-ம் வருஷத்திய "காளிதாஸ்" கதை நமக்கு இன்னும் பெரிய கேடு. கதாநாயகி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசினார்கள் என்பது வேடிக்கை. ஆனால் கதை வேடிக்கையல்ல. ஓரெழுத்தும் அறியாத முட்டாள் ஒருவன் காளியிடம் அழுதானாம், காளி அருள் கொடுத்தாளாம், உடனே மகாகவி ஆகிவிட்டானாம். பள்ளிக்கூடத்து வாசற்படி மிதிக்கக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட ஜனங்களுக்குச் சொல்லுகிற கதையா இது? பகலெல்லாம் பாடுபட்டு, இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பழைய பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்து நாலு விஷயம் தெரிந்து கொண்டவர்கள் நம் இயக்கத்தில் ஆயிரக்கணக்கானவர். அவர்களில் ஒருவருக்காவது எந்தக் காளியும் ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இவற்றையெல்லாம் விட நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது நந்தன் கதை. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரை நந்தனாராக நடிக்கச் செய்ய ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்நாளில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பிறகு 1942-ல் தண்டபாணி தேசிகரை வைத்து ஜெமினியார் எடுத்தார்கள். சேக்கிழார் புராணத்தில் இல்லாத கொடுமைக்கார வேதியப் பண்ணையாரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்தார். அதைச் சேர்த்ததற்காக அவரை நாம் பாராட்டக் கூடத் தயார், ஏனெனில் அது மாத்திரந்தான் கதையில் உண்மையாக நடக்கக் கூடியது. ஆனால் முடிவு என்ன? உழைத்துச் சோறு போட்டவன் தில்லைக் கோயிலுக்குள் போக ஆசைப்பட்டான். அவனை அப்படியே உள்ளே விட முடியாது. நெருப்பில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூலும் சடையுமாக எழுந்து வந்தால் விடலாம். அதாவது பறையன் உள்ளே போகவில்லை. பறையன் எரிந்து போனான், உள்ளே போனவன் பார்ப்பன முனிவன்! இதைக் கொட்டகையில் பார்த்துச் சேரி ஜனங்களே கண்ணீர் விட்டுக் கும்பிட்டார்கள் என்றால், இந்தக் கதையைக் கட்டியவனுடைய கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது?

இதில் ஒரு வருஷக் கணக்கைப் பாருங்கள். ஜெமினிப் படம் வந்தது 1942-ல். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னமேயே, 1939 ஜூலை 8-ந் தேதி, மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்களும் ஒரு நாடாரும் வைத்தியநாதய்யர் அழைத்துச் செல்ல நேர் வாசல் வழியாகவே போய் வந்தார்கள். பட்டர்களில் சிலர் முரண்டு பிடித்தார்கள், சர்க்கார் சட்டம் செய்தது. ஒருவர் மேனியும் வேகவில்லை. ஒரு சாமிக்கும் காய்ச்சல் வரவில்லை. கோயிலுக்குள் போவதால் நமக்கு என்ன லாபம் என்பது வேறு கேள்வி, அதைப் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. நாம் கேட்பதெல்லாம், நெருப்பில்லாமல் போகலாம் என்று சட்டமே வந்த பிறகு, நெருப்பைக் காட்டி மறுபடியும் டிக்கெட் விற்பானேன் என்பதுதான். சீதையையும் நெருப்பில்தான் இறக்கினார்கள். இந்தப் புராணங்களில் பெண்பிள்ளையும் சேரிக்காரனும்தான் சுத்தமென்று காட்ட வேகவேண்டியிருக்கிறதே அல்லாமல், தீயை மூட்டச் சொன்ன எந்தச் சாஸ்திரியும் ஒரு விரலைச் சுட்டுக் கொண்டதாகக் காணோம்.

அரக்கர் வேஷம் வேறு இருக்கிறது. கருப்பு மை, கோரைப்பல், பரட்டைத் தலை, தொந்தி. தேவர்களுக்கு ரோஜாப் பூ நிறம். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எந்த நிறம் என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். நம் குழந்தை, தன் நிறத்தவன் அடிபட்டுச் சாகும்போது கை தட்டுகிறது.

"வெறும் பொழுதுபோக்குத்தானே, இதற்கேன் இத்தனை ஆத்திரம்?" என்று சில மிதவாதிகள் கேட்பதுண்டு. 1975-ல் "ஜெய் சந்தோஷி மா" என்று ஒரு சொற்பச் செலவுப் படம் வந்தது. அதற்கு முன் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத அந்த அம்மனுக்கு, படம் வந்ததும் ஊர் ஊராக வெள்ளிக்கிழமை விரதம் கிளம்பிற்று. கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுத் திரையின் மேல் பூவும் காசும் எறிந்தார்கள். 1987 முதல் 1988 வரை சர்க்கார் தொலைக்காட்சியில் இராமாயணம் ஓடிற்று. 1991-ம் வருஷப் பார்லிமெண்டுத் தேர்தலில் அதில் சீதையாக நடித்தவர் பரோடாவிலும், இராவணனாக நடித்தவர் சபர்கந்தாவிலும் ஒரே பா.ஜ.க. டிக்கெட்டில் ஜெயித்தார்கள். அயோத்தியும் இலங்கையும் சமாதானமாகிவிட்டன போலும்! இராமனாக நடித்தவர் 2024-ல் மீரட்டில் ஜெயித்தார். 2020 மார்ச்சில், கொள்ளை நோய்க்காக ஊரடங்குப் போட்டுக் கூலி ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்பிக் கொண்டிருந்த அதே நாட்களில், அந்தப் பழைய இராமாயணத்தைத் தூசி தட்டி மறுபடி ஒளிபரப்பினார்கள். பொழுதுபோக்கு யாருடைய பொழுதைப் போக்கிற்று, எதற்காகப் போக்கிற்று என்பதை மிதவாதிகள்தான் சொல்ல வேண்டும்.

இராமாயணத்தை அவர்கள் இஷ்டப்படி மாற்றிப் படம் எடுத்தால் கலை. நம்மவர் உள்ளதைச் சொன்னால் குற்றம். புலவர் குழந்தை அவர்களுடைய "இராவண காவியம்" 1946-ல் வந்தது, 1948-ல் தடை, அத்தடை நீங்க 1971 ஆயிற்று. எம்.ஆர். ராதா அவர்கள் இராமாயண நாடகம் நடத்திய 1954-லேயே நாடகங்களை அடக்கச் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று ஐகோர்ட்டு சொல்ல 2013 வரை ஆயிற்று.

பழங்காலத்தைப் படமெடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கீழடியில் 2015 முதல் தோண்டத் தோண்ட உறைகிணறும், செங்கல் சுவரும், நூல் நூற்ற தக்களியும், சிறுபிள்ளைகள் ஆடிய வட்டுக்காய்களும், "ஆதன்" என்று தன் பெயரைத் தானே கீறி வைத்த பானை ஓடும் கிடைக்கின்றன. பானையில் பெயர் எழுதியவனுக்கு எழுத்துத் தெரிந்திருக்கிறது. அதைக் காளி கொடுத்ததாக அவன் கீறி வைக்கவில்லை. அவனைப் பற்றி எடுக்கட்டும், நாமும் டிக்கெட் வாங்குகிறோம்.

அதுவரையில், திருவிழாவில் திரை கட்டி இராமாயணப் படம் போட்டால் தோழர்கள் விலகிப் போக வேண்டாம். போய் உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். மறுநாள் சாயந்தரம் அதே திடலில் கூட்டம் போட்டு, வால்மீகியின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக் கொண்டு, வாலியை மறைந்திருந்து கொன்றதையும், தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் தலையை இராமன் வெட்டியதையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுங்கள். நேற்றைய படத்தில் இது வந்ததா என்று ஜனங்களையே கேளுங்கள். புஸ்தகம் வாங்கும்போது மாத்திரம் ஜாக்கிரதை: உத்தரகாண்டம் சேர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை விட்டுவிட்டு அச்சிட்ட பதிப்புகளும் கடையில் இருக்கின்றன.