கிப்லி படங்களில் நம்பர் ஒன் எது?

மக்களே, கிப்லி ஸ்டூடியோ படங்களுக்கு ரேங்க் போடச் சொன்னா மொத்த வகுப்பும் 'ஸ்பிரிட்டட் அவே'ன்னு (2001) கத்துது. ஆஸ்கார் வாங்கின படம், ஒத்துக்கறேன். ஆனா என் ஓட்டு இசாவோ தகஹாதாவின் 'ஒன்லி யெஸ்டர்டே'வுக்குத்தான் (1991). "அதுல மாயாஜாலமே இல்லை, செம போர்"ங்கறாங்க.

டோக்கியோவில் வேலை பார்க்கும் டேகோ, லீவு போட்டு யமகதா பக்கம் குசும்பாப் பூ பறிக்கப் போறா. உதட்டுச் சாயத்துக்குச் சிவப்பு தர்ற பூ அது. அந்தக் காலத்துல முள் குத்தி ரத்தம் வரப் பறிச்ச பெண்களுக்கு அந்தச் சாயத்தைப் பூசிக்கற கொடுப்பினை இல்லைன்னு படத்துல வரும்.

கண்ணமங்கலத்துல தறிச் சத்தத்துல வளர்ந்த எனக்கு அங்கே தொண்டை அடைச்சுது. ஆரணிப் பட்டு நெய்யற எங்க அம்மா கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போறது சிந்தடிக் புடவை.

இது போரா? அப்ப எங்க வீடும் போர்தான். முடிஞ்சா மறுத்துப் பேசுங்க!