பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போகும் உரிமை

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் வருவோரும் ஊன்றுகோலுடன் நடப்போரும் முதியோரும் அலையருகே செல்வதற்கென மாநகராட்சி அமைத்த மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. சுமார் 1.14 கோடி ரூபாய் செலவில், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டதாக எழுந்த அந்தப் பாதை, டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த மாண்டஸ் புயலில், திறந்து இரண்டு வாரம் நிறைவதற்குள்ளாகவே கடலை நோக்கிய பகுதியில் சிதைந்துபோனது. பிறகு அது சீரமைக்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு வசதியைக் கட்டுவதற்கும் அதை ஆண்டு முழுவதும் பயன்படும் நிலையில் வைத்திருப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, தமிழ்நாட்டில் வேறெந்தக் கட்டுமானமும் இவ்வளவு விரைவாகக் காட்டியிருக்க முடியாது.

அந்தப் பாதை வருவதற்கு முன்பு, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் மணல்மீது தற்காலிகப் பாதை போடப்படுவதும் பின்னர் அது அகற்றப்படுவதும் வழக்கமாக இருந்தது. ஆண்டின் மற்ற நாள்களில் சக்கர நாற்காலியில் வந்தவர்கள் மணல் தொடங்கும் இடத்திலேயே நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அலையில் கால் நனைப்பது நகரத்தில் ஏழைக்கும் செல்வருக்கும் காசில்லாமல் கிடைக்கும் மகிழ்ச்சி. அது இவர்களுக்கு மட்டும், யாரேனும் தூக்கிச் சென்றால்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. வளர்ந்த ஒருவரைப் பலர் பார்க்கத் தூக்கிச் செல்வது அவருடைய தன்மானத்தைக் காயப்படுத்துவது ஒருபுறமிருக்க, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது உடல்ரீதியாகவும் ஆபத்தானது. நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

இக்கோரிக்கையைச் சலுகையாகப் பார்க்கும் மனப்போக்கு நிர்வாகத்திலும் பொதுமக்களிடமும் இன்னும் நீங்கவில்லை. கல்வி, வேலை, மருத்துவம் ஆகியவை கிடைத்த பிறகு பூங்காவையும் கடற்கரையையும் பற்றி யோசிக்கலாம் என்ற வரிசைமுறை ஒன்று எழுதப்படாமலேயே நடைமுறையில் இருக்கிறது. ஆனால், ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்டு, இந்தியா 2007 அக்டோபரில் உறுதியளித்துச் சேர்ந்துகொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, பண்பாடு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பிறருக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தன் 30-ஆவது பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. அதன் வழிவந்த இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி குறிப்பாகப் பேசுகிறது: அதன் 29-ஆவது பிரிவு, திறந்தவெளி முகாம்களிலும் சாகச நடவடிக்கைகளிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதே சட்டம் பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் வரையறையில், பொழுதுபோக்குக்காக மக்கள் பயன்படுத்தும் கட்டடங்களும் அடங்கும். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக, அதாவது பிறர் உதவியின்றி மாற்றுத்திறனாளிகள் சென்று பயன்படுத்தத் தக்கவையாக மாற்ற வேண்டும் என்று 45-ஆவது பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

கெடு முடிந்தும் நிலைமை பெரிதாக மாறாததற்குச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதியிலேயே ஒரு காரணம் இருந்தது. தரநிலைகளைப் பற்றிய 15-ஆவது விதி, அவற்றைக் கட்டாயம் என்று நிலைநிறுத்தாமல் பரிந்துரை போன்ற வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டியதோடு நின்றது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவ்விதியின் முதல் உட்பிரிவு சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் 2005-இல் தொடுத்த வழக்கு இது என்பதை நினைத்தால், இந்நாட்டில் ஒரு சாய்தளத்துக்காகக் காத்திருக்க வேண்டிய காலத்தின் நீளம் புரியும்.

சாய்தளம் என்பது படிக்கு மாற்றாகச் சரிவாக அமைக்கப்படும் தளம். அதன் சரிவு 1:12 என்ற விகிதத்தை மீறக் கூடாது என்பது பொதுவான தரம். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது இதன் பொருள். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகள் இருக்கும் நுழைவாயிலுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமான சாய்தளம் தேவை. நடைமுறையில் அந்த மூன்று படிகள்மீது ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் என்று பலகை வைக்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களிலும் காணலாம். அதில் ஏறுபவர் பின்புறமாகக் கவிழும் வாய்ப்பு உண்டு. இறங்குபவரால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. இது வசதி செய்யாமல் விடுவதைவிடக் கெடுதலானது. ஏனெனில், கோப்பில் பணி முடிந்ததாகப் பதிவாகிவிடுவதால், சரியான சாய்தளத்துக்கு மறுபடி பணம் ஒதுக்கப்படும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

மணல், புல்தரை, தளர்ந்த சரளைக்கல் ஆகியவற்றின் சிக்கல் வேறு. வழக்கமான சக்கர நாற்காலியில் பின்சக்கரங்கள் பெரியவை. திசை திருப்ப உதவும் முன்சக்கரங்கள் சிறியவை, குறுகலானவை. உட்கார்ந்திருப்பவரின் எடையில் ஒரு பங்கு அந்தச் சிறிய சக்கரங்களின் மெல்லிய விளிம்பு வழியாகத் தரையில் இறங்குகிறது. தரை உறுதியாக இல்லாதபோது அவை முதலில் புதைகின்றன. பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் அந்த விசை நாற்காலியை முன்னே நகர்த்தாமல் முன்சக்கரத்தை மேலும் ஆழத்தில் அழுத்துகிறது. தள்ளுவோர் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துச் செல்வது இதனால்தான். ஆகவே, பாதையின் மேற்பரப்பு உறுதியானதா, மழைக்குப் பிறகும் நிலைகுலையாமல் இருக்குமா என்பவையே திறந்தவெளி வடிவமைப்பில் முதல் கேள்விகள். அழகுக்காக இடைவெளி விட்டுப் பதிக்கப்படும் கற்பலகைகளும், நடுவே புல் வளர விடப்படும் துளைக்கற்களும் இந்தத் தேர்வில் தோற்றுவிடுகின்றன. நகரப் பூங்காக்களில் அவைதான் இப்போது பரவலாக இருக்கின்றன.

அதற்கும் முன்பாக, வாயிலையே தாண்ட முடியாத பூங்காக்கள் ஏராளம். மாடுகளும் இருசக்கர வாகனங்களும் உள்ளே வரக் கூடாது என்பதற்காகப் பெரிய கதவைப் பூட்டிவிட்டு, பக்கவாட்டில் வளைந்து நுழையும்படி இரும்புக் குழாய்களை நட்டு வைப்பதும், ஒருவர் மட்டுமே புகுந்து செல்லக்கூடிய சுழல்கதவைப் பொருத்துவதும் நம் உள்ளாட்சிகளின் வழக்கம். சக்கர நாற்காலி செல்லக் குறைந்தது 90 சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். அது முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சமதளம் வேண்டும். அந்தக் குழாய்களுக்கு நடுவே இரண்டும் கிடைப்பதில்லை. பெரிய கதவின் சாவியை வைத்திருக்கும் காவலர் அந்நேரம் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே சிலருக்குப் பூங்கா திறக்கிறது. உள்ளே பல லட்சம் ரூபாயில் எட்டு வடிவ நடைப்பயிற்சிப் பாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் அமைத்துவிட்டு வாயிலில் இப்படித் தடுப்பது, பணமில்லாத குறையால் நேர்வதன்று. வடிவமைப்பவர் மனத்தில் அந்தப் பயனாளி இல்லாததால் நேர்வது.

வீட்டு வாசலிலிருந்து பூங்காவின் கழிப்பறை வரை உள்ள வழியில் ஏதேனும் ஓர் இடம் அடைபட்டாலும் மற்ற எல்லா வசதிகளும் வீணாகும். சென்னை மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகள், அதாவது படியேறாமல் சக்கர நாற்காலியுடன் நேரே ஏறத்தக்க பேருந்துகள், நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 2024-இல்தான் ஓடத் தொடங்கின. கழிப்பறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குவோர் அதிகம். ஆயினும் ஒரு குடும்பம் நாள் முழுவதும் வெளியே இருப்பதா, ஒரு மணி நேரத்தில் திரும்புவதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பெண்களுக்கு இது மேலும் கடுமையானது. தண்ணீர் குடிக்காமலே வெளியே வரும் பழக்கத்துக்கு அவர்கள் ஆளாவதன் காரணம் இதுவே.

இத்துறையில் முன்னே சென்ற நாடுகளிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில் தெளிவு வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில், கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்றில் 25 ஏக்கர் பரப்பில் 2010-இல் திறக்கப்பட்ட ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ என்னும் பூங்காவில் சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலும் ராட்டினமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பாராட்டத்தக்க முயற்சிதான். எனினும் ஒரு நகரத்துக்கு ஒரு சிறப்புப் பூங்கா என்ற மாதிரி, தெருமுனைப் பூங்காக்களை அப்படியே விட்டுவிடுவதற்குச் சாக்காகிவிடும் அபாயம் இந்தியச் சூழலில் மிகுதி. அதைவிடப் பயன்தரும் பாடம் அந்நாட்டு அரசின் மலையேற்றப் பாதைகளுக்கான தரநிலைகளில் இருக்கிறது. புதிதாக அமைக்கும் பாதையின் தொடக்கத்தில், அதன் நீளம், மேற்பரப்பின் தன்மை, மிகக் குறுகிய இடத்தின் அகலம், மிக உயர்ந்த சரிவு ஆகியவற்றைப் பலகையில் எழுத வேண்டும் என்கின்றன அவை. போகலாமா வேண்டாமா என்பதைக் காவலரோ உறவினரோ முடிவு செய்யாமல், தன் உடலை அறிந்தவரே முடிவு செய்ய இது வழிவிடுகிறது. கிட்டத்தட்டச் செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் ஏற்காட்டிலும் நாளையே செய்யலாம்.

கிரேக்கத்தின் கடற்கரைகளில் ‘சீட்ராக்’ என்ற அமைப்பு இருக்கிறது. கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் தண்டவாளத்தில், சூரிய மின்சாரத்தால் ஓடும் இருக்கை ஒன்று, மாற்றுத்திறனாளியைத் தானாகவே கடலுக்குள் கொண்டுசென்று மீண்டும் கரை சேர்க்கிறது. பருவம் முடிந்ததும் அதைக் கழற்றிப் பாதுகாக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஆண்டுதோறும் வரும் சோழமண்டலக் கரைக்கு இந்தக் கழற்றி மாட்டும் உத்தி மிகவும் பொருந்தும். பாதையின் கடைசிப் பகுதியை மட்டும் துண்டுகளாக அமைத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் அகற்றிவிட்டால், சேதமும் பழுதுபார்க்கும் காலமும் குறையும். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் பாதையின் விளக்குகளைத் தணிப்பது பற்றியும் அதே திட்டத்தில் சேர்த்துச் சிந்திக்கலாம். ஆமைக்கும் மனிதருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

குழந்தைகளின் விளையாட்டிடம் தனியே கவனிக்க வேண்டியது. பெங்களூரில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து உருவாக்கிய ‘கிலிகிலி’ அமைப்பு, மாநகராட்சிப் பூங்காக்களிலேயே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் பகுதிகளை ஏற்படுத்தியது. சென்னையில் சாந்தோமிலும் அத்தகைய பூங்கா ஒன்றை மாநகராட்சி அமைத்தது. முதுகைத் தாங்கும் ஊஞ்சல், நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மணல்மேடை, தடவி அறியும் சுவர்கள், இரைச்சலால் கலங்கும் குழந்தைகளுக்கு ஒதுக்குப்புறமான மூலை ஆகியவை இத்தகைய இடங்களின் கூறுகள். அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் அதே மணலில் விளையாடிய குழந்தை, பின்னாளில் பள்ளியில் அந்நியமாகப் பார்க்கப்படுவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய்க்கு, பிறர் பார்வைக்குக் கூசாமல் ஒரு மாலை நேரம் உட்கார்ந்திருக்கவும் அங்கே இடம் கிடைக்கிறது.

வசதி செய்தாலும் வருவோர் இல்லையே என்பது அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் மறுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கின்றனர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். முழங்கால் தேய்ந்த முதியோரையும் கர்ப்பிணிகளையும் தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரையும் சேர்த்தால் தொகை பல மடங்காகும். வர முடியாதபடி வைத்திருந்த இடத்தில் வருகையை எண்ணித் தேவையை மதிப்பிடுவது முறையான கணக்கன்று. மெரினா பாதை திறந்த நாள்களில் அதில் மற்றவர்கள் திரண்டு நடந்து, நெரிசலைக் கட்டுப்படுத்த ஆள் நிறுத்த வேண்டி வந்ததும் ஒன்றைத் தெரிவிக்கிறது: உறுதியான, சமமான பாதையை எல்லா உடல்களும் விரும்புகின்றன. அப்படியெனில், அத்தகைய பாதைகளை அதிகமாக்குவதே நெரிசலுக்குத் தீர்வு.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியவை இரண்டு. பூங்கா, கடற்கரைப் பணிகளின் ஒப்பந்தப்புள்ளியிலேயே சரிவு, அகலம், மேற்பரப்பு, கழிப்பறை ஆகியவற்றின் அளவுகளையும், குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும். பணி முடிந்தது என்று சான்றளித்து இறுதித் தொகையை விடுவிக்கும் முன், சக்கர நாற்காலி பயன்படுத்துவோரும் பார்வைக் குறைபாடு உள்ளோரும் அந்த இடத்தை முழுதாகச் சுற்றிவந்து ஒப்புதல் தர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாமன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே மாநகராட்சிகளும் நகராட்சிகளும் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும்.