யாரும் துரத்தவில்லை, சித்தி

தெமோதரைத் தோட்டத்து மேல் லயத்து, கீழ் லயத்து உறவுகளுக்கும், கோயில் கமிட்டிக்கும், வாலிபர் சங்கத்துக்கும் ஸ்காபரோவிலிருந்து வணக்கம்.

நான் ரோட்டில் ஓடுகிற செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்கு ஓடி வந்துவிட்டது போலிருக்கிறது. போனை எடுத்ததுமே சித்தி கேட்டார்: "என்னா பிள்ள, அங்க யாரும் தொரத்துறாங்களா?" பின்னாலிருந்து இன்னொரு குரல்: "வேலை கீலை போயிருச்சோ?" ஆளுக்கு ஆள் பதில் சொல்லி முடியாது என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வேலை இருக்கிறது. யாரும் துரத்தவில்லை. ஒக்டோபரில் ரொறன்ரோ ஏரிக்கரையில் நடக்கும் மரதனுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சித்திரைப் போட்டியில் நம் பையன்கள் ஓடுவதும் மரதன்தான், ஆனால் இந்தத் தூரம் வேறு: 42.195 கிலோமீட்டர். அப்புத்தளையில் இறங்கி, ரயில் பாதையோரமாகவே தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, நம்ம ஸ்டேஷன், ஹாலிஎல என்று ஓடி வந்தால், பதுளை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் முடியும். உடரட்ட மெனிக்கேயில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாலே இடுப்பு வலிக்கிற தூரம்.

எனக்கு ஓட்டம் பிடிக்காது. இப்போதும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சீனி எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டர். கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். ஆரம்பம் அப்படித்தான். என்னைத் தடுத்தது சோம்பல் மட்டுமில்லை. நம் வீடுகளில் கால் என்பது வேலைச் சாமான். விடியப் பிரட்டுக்கு, பிறகு மலைக்கு, கூடையோடு கொழுந்து நிறுக்க, பொழுது சாயும்போது விறகுக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அப்படிச் சம்பாதிக்கிற காலை ஒன்றுக்குமில்லாமல் தார் ரோட்டில் தேய்ப்பது, காசைக் கிழித்து எறிவதுபோல இருந்தது எனக்கு. ஓட்டச் சப்பாத்தின் விலையை இலங்கைக் காசுக்கு மாற்றினேன். 2024இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தால் அதை வகுக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

காரணமில்லாமல் நான் ஓடிய ஓட்டம் ஒன்று உண்டு. உங்களில் பல பேர் கூட ஓடியிருக்கிறீர்கள். 44 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிந்தால் ரயிலுக்கு ஆகாது என்று, பாதையைக் குன்றைச் சுற்றவிட்டு நம்ம ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்தில் நுழைத்தார்களே. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்து வந்த யோசனை அது என்று ஒரு கதை. (கங்காணிகளால் நமக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான் என்பார் தாத்தா.) பதுளை ரயில் மேலே கிளம்பியதும் குறுக்கால் இறங்கி ஓடிப்போய், அதே ரயில் சுரங்கத்துக்கு வருவதை இன்னொரு தடவை பார்ப்போம். நான் பெரியபிள்ளை ஆனதோடு அது நின்றுபோனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்னா ஓட்டம்" என்றார்கள், முடிந்தது. அதே பொம்பளப் பிள்ளை இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி மலையேறுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

நம்ம ஊரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று சொல்லி, 1960 வரை அந்தப் போட்டியையே பெண்களுக்கு இல்லாமல் பண்ணினார்கள். 1967இல் பொஸ்டன் மரதனில் கேத்ரின் சுவிட்சர் ஓடிக்கொண்டிருக்கையில் அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவரை இழுத்து வெளியே தள்ளப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் ஓடியது 1984இல்தான். பெண்ணுடம்பு தாங்காது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த 56 வருஷமும் நம்ம ஆச்சிமாரின் முதுகில் கொழுந்துக் கூடை இருந்தது.

பயிற்சியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் பாடமே மெதுவாக ஓடுவதுதான். பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டே ஓட முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதைக் கொஞ்சங் கொஞ்சமாக 30 கிலோமீட்டர் வரை கொண்டுபோக வேண்டும். உடம்பு சேர்த்துவைத்த மாச்சத்து அந்தத் தூரத்தை ஒட்டித்தான் தீரும். பல பேர் உட்கார்ந்துவிடுகிற இடம் அது. ஓடியும் நடந்தும் போகலாம், வெட்கமில்லை. ஏற்றம் எனக்குச் சுகமாக இருக்கிறது. இறக்கத்தில்தான் தொடை கதறுகிறது, ஏனென்றால் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டும். அம்மா ராத்திரியில் தொடைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மலையேறியதால் அல்ல, இறங்கியதால்.

இன்னொன்று, ஓடாதவர்களுக்கும் சேர்த்து. ரத்தம் பார்த்ததில் எனக்கு இரும்புச்சத்து குறைவு. சாப்பாட்டோடு பிளேன்டீ குடிப்பதை முதலில் நிறுத்தச் சொன்னார்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு, உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். ரொட்டியைக் கடித்துக் கடித்துச் சாயத்தண்ணி குடிக்கிற நமக்கு இதை யார் சொன்னார்கள்? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மலைக்குப் போகிற பெண்கள் ஒரு தடவை ரத்தம் பாருங்கள். களைப்பை எல்லாம் வயசின் மேல் போடாதீர்கள்.

வயசு என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஓடப்போகிற இதே மரதனை 2011இல் 100 வயதில் முடித்தவர் பௌஜா சிங் என்கிற பஞ்சாபிப் பெரியவர். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாஸ்போர்ட்டில் 1911 என்று இருந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் அதை ஏற்கவில்லை. 1948க்குப் பிறகு குடியுரிமைக்குக் கடதாசி கேட்டே நம்ம ஆட்களை எவ்வளவு அலையவைத்தார்கள் என்று தெரிந்தவர்கள், அந்தக் கிழவருக்காக ஒரு தடவை பெருமூச்சு விடலாம்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். மலையகத்திலிருந்து போய் 10,000 மீட்டரில் நாட்டுக்கே முதலாவதாக வந்த குமார் சண்முகேஸ்வரனின் படத்தை நம்ம பையன்கள் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளில் யாராவது ஒருத்தி அப்படி ஓடக்கூடியவளா என்று நமக்கு எப்படித் தெரியும்? சித்திரைப் போட்டியில் அவளுக்கு நாம் கொடுப்பது தேசிக்காயும் கரண்டியும், சங்கீதக் கதிரையும். அடுத்த சித்திரைக்குப் பெண்கள் மரதன் ஒன்று போடுங்கள். ஐந்து கிலோமீட்டர் போதும். பெரியபிள்ளை ஆனவர்களும், கலியாணம் முடித்தவர்களும் ஓடட்டும்; சித்தி நடந்தே வரட்டும். ரயில் பாதைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், ரோட்டிலேயே வையுங்கள். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீருக்கு ஆள் நிற்கட்டும்.

கோப்பைக்குக் காசு அனுப்ப மாட்டேன். சப்பாத்து அனுப்புகிறேன். ஓடுகிற பிள்ளைகளைக் காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போட்டு, குதியிலிருந்து பெருவிரல் வரை அளந்து சென்ரிமீற்றரில் எழுதி, பேரோடு படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். தைப்பொங்கலுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. கப்பலில் வர நாள் எடுக்கும்.