தலைவிதியா? முறையீடா?

கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் வெளியானதும் நமது பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடப்பதென்ன? பெயர் விடுபட்ட பிள்ளையின் தகப்பனார், “அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்” என்கிறார். தாயார் வேண்டுதலுக்குப் புறப்படுகிறார். ஏன் இடமில்லை என்று எழுதிக் கேட்பவர் மட்டும் ஒருவருமில்லை.

கேட்டவர்கள் அடைந்ததென்ன என்று பாருங்கள். சென்னை மாகாண வகுப்புவாரி உத்தரவு 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டது. இதனால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதென்று 1950-ல் சம்பகம் துரைராஜன் என்ற பார்ப்பன அம்மையார் ஹைகோர்ட்டுக்குப் போனார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னர் சுப்ரீம் கோர்ட்டில் வெளிப்பட்டது. ஆயினும், 1951 ஏப்ரலில் உத்தரவு செல்லாதென்றே தீர்ப்பாயிற்று. விண்ணப்பம் போடாதவர் வழக்காடி வென்றார். விண்ணப்பம் போட்டும் விலக்கப்பட்ட நம் பிள்ளையோ விதியை நொந்து வீட்டிலிருக்கிறான்!

நம்மவர் அன்று சும்மாயிருக்கவில்லை. கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு 15(4) பிரிவு வந்தது. ஆகவே இரு பக்கத்திலும் காரியம் செய்தது மனுவும் கிளர்ச்சியுமேயன்றி நேர்த்திக்கடன் அல்ல.

பாகூருக்குக் கல்லூரி புதிதுமன்று. 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் விடப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. நெல்லளந்தவன் உழவன், படித்தவன் எவன்? அன்று அவன் மகன் கேள்வி கேட்க வழியில்லை. இன்று உண்டு.

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். எழுதிய விடைத்தாளையே பார்க்கலாமென்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. உன் மதிப்பெண் என்ன, உன் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன, எந்தச் சான்று தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்று கேள். கெடு தீருமுன் கேள். மனுவின் நகலை வைத்துக்கொள். எல்லா மனுவும் வெல்லுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோல்விக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்த இடத்தில் தலையெழுத்துக்கு வேலையில்லை.

வில்லியனூர்த் தேர் வடம் பிடிக்க, பிரஞ்சுக்காரர் காலந்தொட்டு, கவர்னரே வருகிறார். ஊர் கூடி இழுத்தால் தேர் நகருமென்று அறிந்த தோழர்களே, ஊர் கூடி மனு எழுதிப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறோம்.