முதல் மாற்றம் ஒரு மீட்டர்

பழைய தட்டை ஸ்பீக்கருக்குத் தேவை புது உதிரி பாகங்களா, சுவரிடமிருந்து கொஞ்சம் விடுதலையா?

முதல் பார்வையில் அது ஸ்பீக்கர் என்றே தோன்றாது. குளிர்தேசத்து வீடுகளில் அறையைச் சூடேற்ற வைக்கும் ரேடியேட்டர் போலிருக்கும். அகலம் 88 செ.மீ., உயரம் 79 செ.மீ., முன்புறம் லேசாக வளைந்த உலோக வலை, அடியில் குட்டையான மரக் கால்கள். பெட்டி இல்லை, காகிதக் கூம்பும் இல்லை. இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் நடத்திய தொழிற்சாலையிலிருந்து 1957-ல் விற்பனைக்கு வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் இது. 1981-ல் இதன் வாரிசான இ.எஸ்.எல்.-63 வந்த பிறகும், 1985 வரை இதன் தயாரிப்பு நிற்கவில்லை. வாக்கர் 2003-ல் காலமானார். அவருடைய ஸ்பீக்கருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகத் தரும் கருவிகள் குறைவு என்று சொல்லி, இசைப் பிரியர்கள் பழைய ஜோடிகளை இன்னமும் தேடிப் பிடிக்கிறார்கள்.

பிடித்த பிறகுதான் சோதனை ஆரம்பம். பழைய ஸ்பீக்கர்கள் நின்ற அதே இடத்தில், சுவரை ஒட்டி, புது விருந்தாளியை நிறுத்துவார்கள். ஒலி மெலிந்து கேட்கும். மிருதங்கத்தின் இடந்தலை எங்கோ காணாமல் போயிருக்கும். "பழசு, உள்ளே ஏதோ போய்விட்டது" என்று முடிவு கட்டி, அடுத்த வாரமே ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் வெளியே வரும். கெப்பாசிட்டர் மாறும், வயர் மாறும், பணம் கரையும். பல வீடுகளில் உண்மையான குற்றவாளி ஸ்பீக்கருக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறது: சுவர்.

காரணம் இதன் அமைப்பில் இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரில் கம்பிச்சுருள் ஒன்று கூம்பைத் தள்ளி இழுக்கிறது. கூம்பின் பின்பக்க ஒலியைப் பெட்டி அடைத்து வைக்கிறது. குவாட்டில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம், துளைகள் போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. படலத்துக்கு எப்போதும் உயர் மின்னழுத்தம் ஏற்றப்பட்டிருக்கும்: கீழ்சுரங்களுக்கான பகுதிகளில் சுமார் 6,000 வோல்ட், நடுவில் உள்ள மேல்சுரப் பகுதியில் சுமார் 1,500 வோல்ட். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் இசை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தகடுகளை அடைகிறது. ஒரு தகடு இழுக்க, மறு தகடு தள்ள, படலம் முழுவதும் அசைந்து ஒலிக்கிறது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனம் வேறு வழியில் போனது. படலத்தின் மேல் கம்பிகளை ஒட்டி, அதன் எதிரே காந்தப் பட்டைகளை வைத்தது. இதற்கு வீட்டு மின்சார இணைப்பு வேண்டாம். திறன் மிக்க ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும். முறைகள் வேறானாலும் இரண்டுக்கும் ஒரு குணம் பொது: முதுகு திறந்திருக்கிறது. முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் பின்னாலும் போகிறது, நேரெதிர்த் திசையில். படலம் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது.

இங்கேதான் சுவர் குறுக்கிடுகிறது. பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளினால் கீழ்சுரங்களின் கனம் கூடும். தட்டை ஸ்பீக்கரில் நடப்பது நேர்மாறு. சுவரில் பட்டு உடனே திரும்பும் எதிர் ஒலி, முன்னால் வரும் ஒலியின் கீழ்சுரங்களைத் தின்றுவிடுகிறது. நடுத்தர சுரங்களையும் கலங்கடிக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே கொண்டு வந்தால், பின்பக்க ஒலி இரண்டு மீட்டர் அதிகம் பயணம் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 6 மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளி கிடைத்துவிட்டால் காது அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்வதில்லை; அறையின் விசாலமாகவே உணர்கிறது. ஒன்றரை மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்சுவரில் புத்தக அலமாரியோ கனத்த திரைச்சீலையோ இருந்தால், திரும்பும் ஒலியின் கூர்மை மழுங்கும்.

பக்கச் சுவர் அவ்வளவு தொல்லை தராது. முன்னொலியும் பின்னொலியும் விளிம்பில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், பக்கவாட்டில் இந்த ஸ்பீக்கர் கிட்டத்தட்ட மௌனம். குறுகலான ஹால் உள்ளவர்களுக்கு இது ஆறுதல்.

அடுத்தது உயரம். மூலக் கால்களில் நின்றால் பாட்டு கீழேயிருந்து வருவது போலிருக்கும். கச்சேரியில் பாடகர் உட்கார்ந்துதான் பாடுகிறார், சரி. ஆனால் மேடை நம் முழங்காலுக்குக் கீழே இருப்பதில்லை. ஆட்டம் காணாத ஸ்டாண்டில் 30 முதல் 40 செ.மீ. உயர்த்தினால் குரல் தன் இடத்துக்கு வந்து சேரும். பிறகு கோணம். நடுவிலுள்ள மேல்சுரப் பகுதி டார்ச் விளக்கு மாதிரி. நேரே எதிரில் இருப்பவருக்குத்தான் முழு வெளிச்சம். இரண்டையும் உட்காரும் நாற்காலியை நோக்கிச் சற்றே திருப்ப வேண்டும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பழைய மோனோ ஒலிப்பதிவு ஒன்று, தனிக் குரல், போதும். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே ஒரே புள்ளியில் நின்றால் வெற்றி. பரவலாகவோ ஒரு பக்கம் சாய்ந்தோ கேட்டால் இரண்டு விரற்கடை நகர்த்தி மீண்டும் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஒரு பைசா போகாது.

ஆனால் வீட்டில் விலை உண்டு. ஹால் நடுவே இரண்டு தட்டிகள் நின்றால் குடும்பம் எங்கே நடக்கும்? மும்பை ஃபிளாட்டில் ஒரு மீட்டர் என்பது சோபாவின் இடம். இதற்கு அனுபவஸ்தர்கள் கண்ட சமரசம் எளிது. நல்ல இடம் கிடைத்ததும் தரையில் சிறு டேப் ஒட்டி அடையாளம் வைப்பது. கேட்கும் நேரத்தில் முன்னே கொண்டு வருவது. முடிந்ததும் சுவரோரம் திருப்புவது. எடை 16 கிலோ அளவில்தான். அது ஒத்துவராத வீட்டில் இந்த ஸ்பீக்கர் வேண்டாம் என்று முன்பே முடிவெடுப்பதும் இசை ரசனைதான்.

இடம் சரியான பிறகும் குறை இருந்தால்தான் நோயைத் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவா? ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்னாலுள்ள இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகிப் பார்ப்பது முதல் படி. குறை மறுபக்கம் தாவினால் பழி ஆம்ப்ளிஃபயர் மேலோ அதற்கு முந்தைய கருவி மேலோ. அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கர் மேல். பெரும்பாலும் உயர் மின்னழுத்தம் தரும் பகுதி வயதாகிச் சோர்ந்திருக்கும். மழைக்காலத்தில் 'டிக், டிக்' என்ற சத்தம் வந்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து மின்கசிவு என்று அர்த்தம். கடலோர நகரங்களில் இது சகஜம். மேக்னபேனுக்கு வேறு வியாதி: பல ஆண்டுகளில் பசை விட்டுப்போய், படலத்திலிருந்து கம்பி பிரிந்து அதிரும்.

குவாட்டைத் திறப்பது விளையாட்டல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். இசை ஒலிக்கும்போது தகடுகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும்; அதன் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் முழு பலமும் இருக்கிறது. ஒலி தெளிவாகும் என்று சிலர் முன்வலையைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த வலை அழகுக்கு வைத்ததல்ல. குழந்தையின் விரலுக்கும் மரணத்துக்கும் நடுவே உள்ள வேலி அது. தூசி உறையைக் கிழித்தெறிவதும் அப்படித்தான்: நம் ஊர்த் தூசிக்கு அழைப்பிதழ். ஈரத் துணியால் துடைப்பது கூடவே கூடாது. வீட்டு வேலைக்கு வருபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஜோடி எந்த மின்னழுத்தத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, எர்த் இணைப்பு சரியா என்று உறுதி செய்த பிறகே பிளக்கில் செருகலாம். பழுது பார்ப்பது உயர் மின்னழுத்தக் கருவிகளில் கை பழகியவர் வேலை.

இத்தனைக்கும் பிறகுதான் மேம்படுத்தும் ஆசைக்கு முறை வருகிறது. அதிலும் முதல் சபலம் பெரிய ஆம்ப்ளிஃபயர். இந்த ஸ்பீக்கர் பிறந்தபோது அதன் ஜோடி 15 வாட் குவாட்-2 வால்வு ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் தாங்கும் உச்சம் 33 வோல்ட். அதற்கு மேல் போனால் மேல்சுரப் பகுதியில் மின்பொறி பாய்ந்து படலம் பொசுங்கும். 1967-ல் வந்த 45 வாட் 303 இந்த வரம்புக்குள் நின்றது. 1975-ல் 100 வாட் 405 வந்தபோது, இதனுடன் சேர்க்க வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது. கல்யாண மண்டபச் சத்தம் வேண்டுபவர் வேறு ஸ்பீக்கர் பார்ப்பதே உத்தமம்.

தனி சப்வூஃபர் சேர்ப்பது இரண்டாவது சபலம். 50 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர்; அதை 88 செ.மீ. தட்டியால் முழுதாகக் கட்டிப்போட முடியாது என்பது நிஜம். ஆனால் சப்வூஃபர் எல்லாத் திசையிலும் ஒலிக்கும், தட்டை ஸ்பீக்கர் முன்னும் பின்னும் மட்டுமே. இரண்டும் ஒட்டாவிட்டால் மிருதங்கம் ஒரு வீட்டிலும் வீணை அடுத்த வீட்டிலும் வாசிப்பது போலிருக்கும். சேர்த்தே தீர வேண்டுமானால் மிகக் கீழ்சுரங்களுக்கு மட்டும், அடக்கமான அளவில்.

எல்லை தாண்டிப் போனவர்களும் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் மார்க் லெவின்சன் ஒரு பக்கத்துக்கு இரண்டு குவாட்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, கீழே 24 அங்குல ஹார்ட்லி வூஃபரும், மேல்சுரங்களுக்கு டெக்கா ரிப்பனும் சேர்த்து ஹெச்.க்யூ.டி. என்ற ராட்சத அமைப்பையே உருவாக்கினார். அதற்கு வீடு அல்ல, மாளிகை வேண்டும்.

சாதாரண வீட்டுக்கு வரிசை இதுதான்: முதலில் இடம், பிறகு உயரம், பிறகு தேர்ந்த கையால் பழுது நீக்கம், கடைசியாகத்தான் உதிரி பாகங்கள். வயதான கெப்பாசிட்டரை மாற்றுவது பழுதுபார்ப்பு. விலை உயர்ந்த வயரைச் செருகிவிட்டுக் கண்ணை மூடி ரசிப்பது நம்பிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்பவரின் பர்ஸ்தான் முதலில் மெலியும்.

சரியாக நிறுத்திய ஜோடியில் ஒரு தம்புராவைக் கேட்டால் வித்தியாசம் புரியும். நான்கு தந்திகளின் நாதம் எழுந்து, ஒன்றோடொன்று இழைந்து, அறையில் நின்று, மெல்லக் கரையும். அறுபது வயதைத் தாண்டிய கருவி அதற்குக் கேட்கும் கூலி, முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டர் காற்று.