இரும்பு பெரிதா, உள்ளே இருப்பவன் பெரிதா?

டாங்கியின் உடல் ஓரிடம். அதன் பீரங்கிக் கூண்டு வேறோரிடம்! 2022-இல் உக்ரைன் நாட்டுச் சாலைகளில் எடுத்த இத்தகைய படங்களை உலகமே கண்டது. 1991-இல் ஈராக் போரிலும் இதே காட்சிதான். "ருஷ்ய டாங்கி மட்டம்" என்று மேல்நாட்டார் சிலர் கைகொட்டுகின்றனர். நாம் கைகொட்டவும் வேண்டாம், கோபங்கொள்ளவும் வேண்டாம், காரணத்தைக் கேட்போம்.

சோவியத் பொறியாளர்கள் திறமையற்றவர்களா? இல்லவே இல்லை. 1973-இல் படையில் சேர்ந்த டி-72 டாங்கியில் மூன்றே பேர். குண்டு நிரப்பும் நான்காம் ஆளின் வேலையை இயந்திரம் செய்யும். ஆள் நிற்க இடம் தேவையில்லை. ஆகவே கூண்டு சிறிது, உயரம் குறைவு, எடையும் குறைவு. எதிரியின் கண்ணில் எளிதில் படாது; சிறு பாலமும் தாங்கும்; ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கலாம். பரந்த சமவெளியில் பெருந்திரளாகப் பாயும் படைக்குப் பொருந்திய கணக்கு அது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு மறைந்து நின்றது. இயந்திரம் எடுத்து நிரப்பும் 22 குண்டுகளும், அவற்றுக்குரிய வெடிமருந்தும் வீரர்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டன. மிச்சக் குண்டுகளோ அவர்களைச் சுற்றி! கவசம் துளைபட்டு மருந்து பற்றிக்கொண்டால் தப்பி ஓட நேரம் ஏது?

1980-இல் வந்த அமெரிக்க ஆப்ராம்ஸ் வேறு கணக்குப் போட்டது. நான்கு பேர், குண்டுகளில் பெரும்பகுதி கூண்டின் பின்புறத் தனியறையில், நடுவே கனத்த இரும்புக் கதவு. மருந்து வெடித்தால் அறையின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கும். தீ மேலே போகும். கதவு மூடியிருந்தால் ஆள் பிழைப்பான். இஸ்ரேலின் மெர்காவாவோ எஞ்சினையே முன்னால் வைத்து அரணாக்கி, ஆள் வெளியேறப் பின்னால் வாயில் வைத்தது.

இதற்கு விலை இல்லையா? உண்டு. இன்றைய ஆப்ராம்சின் எடை 60 டன்னுக்கு மேல். எரிபொருளை மொண்டு குடிக்கும். வெல்ல முடியாததும் அல்ல. 2024-இல் உக்ரைனில் அதுவும் அடிபட்டு வீழ்ந்தது. ஆனால் வண்டி சாவது வேறு, வண்டியோடு ஆளும் சாவது வேறு!

கிழக்கும் இந்தப் பாடத்தைப் படித்தது. 2015-இல் மாஸ்கோ அணிவகுப்பில் காட்டப்பட்ட ஆர்மாட்டாவின் கூண்டில் ஆளே இல்லை. மூவரும் முன்புறக் கவச அறையில். ஆனால் காட்சிக்கு வந்தது புதியது. களத்தில் எரிந்தவை பழையவை.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா, தோழர்களே? மூவர் ஏறும் டி-72, டி-90 டாங்கிகளும், நால்வர் ஏறும் அர்ஜுனும் நம் ஆவடித் தொழிலாளரின் கைபட்டு உருவானவை. அவற்றில் ஏறுபவர்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளே.

உடைந்த இரும்பை மீண்டும் உலையிலிட்டு உருக்கலாம். எரிந்த மகனை எந்த உலையில் வார்ப்பது? எடை என்ன, விலை என்ன, வேகம் என்ன என்று கேட்குமுன், அடிபட்டால் ஆள் என்ன ஆவான் என்று கேட்கட்டும், நாளைய டாங்கிக்குக் கோடு போடுபவர்கள்!