ஒரே படுக்கைக்கு இரண்டு பேர்!

திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி என்றால் கூட்டம் சொல்லி முடியாது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதியும் அப்படித்தான். நளதீர்த்தத்தில் எத்தனை பேரும் ஒன்றாக இறங்கிக் குளிக்கலாம். ஒருவர் குளிப்பதால் இன்னொருவருக்கு நஷ்டம் இல்லை.

ரெயில் படுக்கை அப்படி அல்ல!

காரைக்கால் ரெயிலில் ஒரே ஒரு படுக்கை பாக்கி. தாம்பரத்தில் ஒருவர் அதைப் பார்க்கிறார். மதுரையில் ஒரு பெண்மணியும் பார்க்கிறார். இருவரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும்?

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. படுக்கைக் கணக்கு ஒரு பெரிய நோட்டில் இருந்தது. நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுத முடியும். அந்த ஒற்றை நோட்டே பூட்டாக இருந்தது. 1985-ல் டெல்லியில் ரெயில்வே கம்ப்யூட்டர் முன்பதிவைத் தொடங்கியது. பிறகு அது நாடெங்கும் பரவியது. ஒரே பக்கத்தை ஆயிரம் கைகள் திறக்கும் நிலை வந்தது.

கம்ப்யூட்டர் செய்வது மூன்று வேலை. இடம் உண்டா என்று பார்க்கும். பெயரை எழுதும். கணக்கில் ஒன்றைக் குறைக்கும். முதல் வேலைக்கும் இரண்டாவது வேலைக்கும் நடுவே இன்னொருவர் நுழைந்தால் வந்தது வினை! அவருக்கும் "ஒன்று உண்டு" என்றே தெரியும். இரண்டு பெயரும் ஏறிவிடும். நடுராத்திரியில் பெட்டியில் சண்டைதான்.

ஆகையால் எழுதும்போது மட்டும் பூட்டினால் போதாது. பார்ப்பதற்கு முன்பே பூட்ட வேண்டும். முதல் ஆள் வேலை முடித்துத் திறக்கும் வரை அடுத்தவர் காத்திருப்பார். பிறகு பார்த்தால் "இல்லை" என்று வரும். வருத்தம்தான். ஆனால் உண்மை!

கைகாட்டி தந்த யோசனை

1960-களில் இந்தக் கலையை வகுத்தவர்களில் முக்கியமானவர் டைக்ஸ்ட்ரா. ஹாலந்து நாட்டுக்காரர். தம் பூட்டு ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? செமபோர். அதாவது, ரெயில்வே கைகாட்டி!

பொருத்தமான பெயர்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் பிரம்பு வளையத்தில் தொங்கும் பையை ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் கொடுப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே ஓர் உலோக உருண்டை. அது கையில் இல்லாமல் வண்டி புறப்படாது. ஓர் உருண்டை வெளியே இருக்கும்போது இரண்டு ஸ்டேஷன் பெட்டிகளும் மறு உருண்டையைத் தராது. எதிர் வண்டி வருமோ என்ற பயம் இல்லை.

பூட்டைச் சிறிதாகப் போட வேண்டும். சீக்கிரம் திறக்க வேண்டும். ஒரு கடையில் கணக்கு எழுத சன்னதித் தெருவையே அடைப்பார்களா? ஒரு டிக்கெட்டுக்காக நாட்டின் எல்லா ரெயில்களையும் பூட்டினால் அந்தக் கதைதான்.

பழி யாருக்கு?

தட்கல் திறந்த சில நிமிடங்களில் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. ஜனங்கள் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். பூட்டின் மீது குற்றம் இல்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக விடுவதுதான் அதன் வேலை. முன்னால் நிற்பது மனிதனா, கள்ளத்தனமாக ஏவப்பட்ட எந்திரமா என்று அது கேட்காது. வரிசையை ஒழுங்கு செய்ய வேண்டியது ரெயில்வே.

2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்தவர்கள் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். திறந்த முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கு இடம் இல்லை. நல்ல ஏற்பாடு. முன்பே வந்திருக்க வேண்டும்!

ஆனால் செல்போன் பழகாத பாட்டி என்ன செய்வாள்? அவள் கவுண்டரில் பாரத்தைப் பூர்த்தி செய்வதற்குள் நாலு ஊரில் விரல்கள் தட்டி முடித்துவிடும். கவுண்டருக்கென்று கொஞ்சம் படுக்கைகளைத் தனியே ஒதுக்கி வைத்தால் என்ன? சனிப்பெயர்ச்சி நாட்களில் காரைக்கால் வரும் ரெயில்களிலாவது அதைச் செய்து பார்க்கலாம்.